எஸ்.டி.எஸ். படிப்பு: அறிவியலைச் சமூகத்தோடு சேர்த்துப் படிப்பது என்றால் என்ன?

விரல் நுனியில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரைக் கோவிட் காலத்துக்குப் பிறகு தெரியாதவர்கள் குறைவு. அதற்குள் நடப்பது இவ்வளவுதான்: ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் விரலுக்குள் பாய்கின்றன. மறுபக்கத்தில் உள்ள உணரி, எவ்வளவு ஒளி தப்பி வருகிறது என்று அளக்கிறது. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் சிவப்பு ஒளியைக் குறைவாகவும் அகச்சிவப்பு ஒளியை அதிகமாகவும் உறிஞ்சும். ஆக்சிஜன் இல்லாத ரத்தத்தில் இது நேர்மாறு. இந்த இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் திரையில் 97, 94 என்று எண்ணாக வந்து நிற்கிறது.

சரி, விகிதம் எண்ணாக மாறுவது எப்படி? அதற்கு ஓர் அட்டவணை வேண்டும். ஆரோக்கியமான தன்னார்வலர்களை ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்க வைப்பார்கள். அவ்வப்போது தமனியிலிருந்து ரத்தம் எடுத்துச் சோதிப்பார்கள். ‘விகிதம் இவ்வளவு இருந்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் இவ்வளவு’ என்று பொருத்திப் பொருத்தித்தான் அட்டவணை உருவாகிறது. ஆக, திரையில் தெரியும் ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் யாரோ சிலருடைய விரல்கள் இருக்கின்றன. யாருடைய விரல்கள்?

2020-இல் அமெரிக்க மருத்துவமனைத் தரவுகளை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. ஆக்சிமீட்டர் 92 முதல் 96 சதவீதம் வரை காட்டிய நேரத்தில், ரத்தப் பரிசோதனையில் உண்மையான அளவு 88-க்கும் கீழே இருந்தது எத்தனை முறை என்று கணக்குப் பார்த்தார்கள். வெள்ளையின நோயாளிகளிடம் 3.6 சதவீதம். கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்துபோன ஒருவரைக் கருவி ‘நன்றாக இருக்கிறார்’ என்று காட்டுவது கறுப்பின நோயாளிகளிடம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இதில் என்னை மிகவும் உறுத்துவது, இந்த வேறுபாடு 1990-லேயே ஒரு மருத்துவ ஆய்விதழில் பதிவாகியிருந்தது என்பதுதான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டிக் குறிப்பு, குறைந்தது 10 பேரிடம் கருவியைச் சோதிக்கச் சொன்னது. அதில் கருமையான தோல் கொண்டவர்கள் குறைந்தது 2 பேர், அல்லது மொத்தத்தில் 15 சதவீதம், எது அதிகமோ அது இருக்க வேண்டும் என்றது.

தோலுக்குக் கருமை தரும் மெலனின் என்ற நிறமி ஒளியை உறிஞ்சும் என்பது இயற்பியல். யாரை வைத்து அட்டவணை தயாரித்தார்கள் என்பது ஆய்வக நடைமுறை. இரண்டு பேர் போதும் என்று எழுதியது அரசு வழிகாட்டி. எச்சரிக்கை வெளியாகி முப்பது ஆண்டுகள் பெரிதாக எதுவும் மாறாதது வரலாறும் அரசியலும். இவற்றை நான்கு துறைக்காரர்கள் நான்கு அறைகளில் உட்கார்ந்து படித்தால் ஆளுக்கொரு துண்டுதான் கிடைக்கும். எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கும் துறைக்குத்தான் எஸ்.டி.எஸ். என்று பெயர்.

பெயரும் பிறப்பும்

STS என்ற அந்த மூன்றெழுத்தைச் சில பல்கலைக்கழகங்கள் ‘அறிவியல், தொழில்நுட்பம், சமூகம்’ (Science, Technology and Society) என்று விரிக்கும். சில ‘அறிவியல் தொழில்நுட்ப ஆய்வியல்’ (Science and Technology Studies) என்று விரிக்கும். இந்த இரண்டு பெயர்களும் இரண்டு ஊற்றுகளைக் காட்டுகின்றன. அணு ஆயுதம், பூச்சிக்கொல்லி, தொழிற்சாலை மாசு என்று 1960-களில் எழுந்த கவலைகள் ஒன்று. பொறியாளராகப் போகிறவர்களுக்குப் பொறுப்பும் கற்றுத்தர வேண்டும் என்ற எண்ணத்தில் பாடத்திட்டங்கள் அங்கிருந்து பிறந்தன. அறிவியல் அறிவு உருவாகும் விதத்தையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டவர்கள் மற்றொன்று. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1960-களில் இதற்கென ஒரு பிரிவு தொடங்கினார்கள். 1975-இல் அறிவியலின் சமூக ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் உருவானது. 1976-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தனித் திட்டம் வந்தது. இன்று ஸ்டான்ஃபோர்ட், கார்னெல், லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் போன்ற இடங்களில் இளங்கலை நிலையிலேயே இதைப் படிக்கலாம். ஸ்டான்ஃபோர்டில் இதே படிப்புக்குக் கலைப் பட்டமும் உண்டு, அறிவியல் பட்டமும் உண்டு. எந்தப் பாடங்களை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது.

மிதிவண்டி ஏன் இப்படி இருக்கிறது?

எல்லா இடத்திலும் தொடக்க வகுப்பில் வரும் உதாரணம் மிதிவண்டி. ட்ரெவர் பின்ச், வீபே பைக்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1984-இல் எழுதிய கட்டுரையால் பிரபலமானது.

1870-களின் மிதிவண்டியில் முன்சக்கரம் ஆள் மார்பளவு உயரம், பின்சக்கரம் சின்னது. மிதி நேரடியாக முன்சக்கர அச்சிலேயே இருந்ததால், சக்கரம் எவ்வளவு பெரிதோ ஒரு மிதிக்கு அவ்வளவு தூரம் போகலாம். வேகம் வேண்டிய இளைஞர்களுக்கு அது சொர்க்கம். ஆனால் ஒரு கல்லில் மோதினால் ஓட்டுபவர் கைப்பிடிக்கு மேலாகத் தலைகுப்புற விழுவார். நீளப் பாவாடை அணிந்த பெண்களும் வயதானவர்களும் ஏறுவதே பெரும்பாடு. அப்படியானால் அது நல்ல வண்டியா, கெட்ட வண்டியா? ஒரு கூட்டத்துக்கு அது வீர விளையாட்டுக்கான கருவி, இன்னொரு கூட்டத்துக்குப் பாதுகாப்பில்லாத பொருள். பொருள் ஒன்றுதான். ஆனால் எது ‘வேலை செய்கிறது’ என்பதிலேயே உடன்பாடு இல்லை.

1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் வண்டி வந்தது. ஏறக்குறைய சம அளவுள்ள இரண்டு சக்கரங்கள், பின்சக்கரத்தை இழுக்க ஒரு சங்கிலி. இன்றைய சைக்கிளின் நேரடி மூதாதை அது. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தபோது அது அதிர்வைக் குறைப்பதற்கான வழியாகத்தான் முன்வைக்கப்பட்டது. பந்தயக்காரர்களுக்கு அது தேவையில்லாத, பார்க்கவும் அசிங்கமான சமாச்சாரம். அந்த டயர் பூட்டிய வண்டிகள் பந்தயத்தில் ஜெயிக்க ஆரம்பித்ததும் பேச்சு அடங்கிவிட்டது. அதிர்வுக்கு வந்த மருந்து வேகத்துக்கான மருந்தாக மாறிப்போனது.

இதில் மாணவர் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் ஒன்று உண்டு. பின்னாலிருந்து பார்க்கும்போது ‘உயர்ந்த வண்டி மோசம், அதனால் ஒழிந்தது, சங்கிலி வண்டி நல்லது, அதனால் வென்றது’ என்று சொல்லத் தோன்றும். அது வென்றவனின் வரலாறு. அந்தந்தக் காலத்தில் நின்று பார்த்தால் யார் யாருக்கு என்ன சிக்கல் இருந்தது, எந்தச் சிக்கலைத் தீர்க்க வேண்டியதாகக் கருதினார்கள் என்பதும் வெற்றியைத் தீர்மானித்தது. கையில் இருக்கும் எந்தப் பொருளும் வேறு மாதிரி ஆகியிருக்கலாம் என்ற உணர்வு இங்கிருந்துதான் வருகிறது. முதல் பருவத்தில் இந்த ஒரு உணர்வு ஒட்டிக்கொண்டால் போதும் என்பேன்.

ஆடுகளும் நிபுணர்களும்

எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த ஆய்வு பிரையன் வின் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் செய்தது. 1986 ஏப்ரல் 26-இல் செர்னோபில் அணு உலை வெடித்தது. மே முதல் வாரத்தில் வடமேற்கு இங்கிலாந்தின் கம்ப்ரியா மலைப்பகுதியில் கனமழை பெய்தது. கதிரியக்க சீசியம் புல்லில் இறங்கியது. புல்லிலிருந்து ஆடுகளுக்குப் போனது. பாதிப்பு பெரிதாக இருக்காது என்றுதான் அதிகாரிகள் முதலில் சொன்னார்கள். ஜூனில் திடீரென ஆடுகளை நகர்த்தவும் வெட்டவும் தடை வந்தது. மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள். பின்னர் தடையைக் காலவரையின்றி நீட்டித்தார்கள். கடைசிப் பண்ணையில் கட்டுப்பாடு நீங்கியது 2012-இல்.

மூன்று வாரம் எப்படி இருபத்தாறு ஆண்டுகளானது? நிபுணர்களின் கணிப்பு களிமண் நிலத்தை அடிப்படையாகக் கொண்டது. களிமண்ணில் சீசியம் மண்துகளோடு ஒட்டிக்கொண்டு செடிக்குள் ஏறாமல் நின்றுவிடும். கம்ப்ரியா மலைமேல் இருப்பதோ மட்கு நிறைந்த அமில மண். அதில் சீசியம் ஒட்டாது; வேர் வழியாகப் புல்லுக்குள் திரும்பத் திரும்ப ஏறிக்கொண்டே இருக்கும். மண் மாறினால் கணக்கும் மாறும் என்பது கணிப்பில் விடுபட்டுப்போனது.

அப்புறம் ஒரு சோதனை நடந்தது. நிலத்தில் ஒருவகைக் களிமண் தாதுவைத் தூவினால் சீசியம் குறைகிறதா என்று பார்க்க, ஆடுகளைத் தனித்தனி வேலிக்குள் அடைத்தார்கள். திறந்த மலையில் மேய்ந்து பழகிய ஆடு அடைத்து வைத்தால் இளைத்துப்போகும், இந்தச் சோதனை உருப்படாது என்று விவசாயிகள் எச்சரித்தார்கள். யாரும் காது கொடுக்கவில்லை. பிறகு அந்தச் சோதனை சத்தமில்லாமல் கைவிடப்பட்டது.

அருகிலேயே ஓர் அணு வளாகம் உண்டு. 1957-இல் அங்கு பெரிய தீவிபத்து நடந்திருந்தது. தங்கள் நிலத்தில் இருப்பது செர்னோபிலில் இருந்து வந்தது மட்டும்தானா, பழைய கறையும் சேர்ந்ததா என்று விவசாயிகள் கேட்டார்கள். அதையும் முதலில் அறியாமை என்று ஒதுக்கினார்கள். சீசியத்தின் ஒரு பகுதி செர்னோபிலுக்கு முந்தையது என்பது பின்னால் தெரியவந்தது.

இந்த இடத்தில் எஸ்.டி.எஸ். மாணவருக்கு ஒரு கருவி கிடைக்கிறது. வழக்கமாக நாம் ‘மக்கள் ஏன் நிபுணர்களை நம்புவதில்லை?’ என்று மட்டும் கேட்போம். ‘நிபுணர்கள் தங்கள் கணிப்பை ஏன் அவ்வளவு உறுதியாக நம்பினார்கள்?’ என்பதையும் அதே தீவிரத்தோடு கேட்க வேண்டும். சரியென்று ஆன நம்பிக்கைக்கும் தவறென்று ஆன நம்பிக்கைக்கும் ஒரே வகைக் காரணங்களைத் தேட வேண்டும் என்று எடின்பரோவைச் சேர்ந்த டேவிட் ப்ளோர் 1976-இல் முன்வைத்தார். இதைச் சமச்சீர் விதி என்கிறார்கள். வாசிக்க எளிது, கடைப்பிடிக்க மிகக் கடினம். ஏனென்றால் நமக்குப் பிடித்த பக்கத்தை விசாரிக்காமல் விட்டுவிடுவோம்.

விவசாயி எப்போதும் சரி, நிபுணர் எப்போதும் தவறு என்று இதைப் படித்துவிடக் கூடாது. கதிர்வீச்சைக் கண்ணால் பார்க்க முடியாது. கருவியும் இயற்பியலும் இல்லாமல் ஆட்டின் உடம்பில் என்ன இருக்கிறது என்று எந்த விவசாயிக்கும் தெரிந்திருக்காது. ஒரு கிலோ இறைச்சிக்கு 1000 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்ற வரம்பும் தேவைப்பட்டதுதான். வின் காட்டியது, இரண்டு வகை அறிவும் ஒன்றையொன்று திருத்தக் கிடைத்த வாய்ப்பு எப்படி வீணானது என்பதை.

ஆய்வகத்துக்குள் ஒரு பார்வையாளர்

1970-களின் நடுவில் ப்ரூனோ லத்தூர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர், கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் சுமார் இரண்டு ஆண்டுகள் தங்கினார். மானிடவியலாளர் ஒரு கிராமத்தில் தங்கி மக்களைக் கவனிப்பதுபோல் அவர் விஞ்ஞானிகளைக் கவனித்தார். காலையில் எலிகளும் சோதனைக்குழாய்களும் உள்ளே வருகின்றன. கருவிகள் அவற்றை எண்களாக மாற்றுகின்றன. எண்கள் வரைபடமாகின்றன. வரைபடங்கள் மேசைக்கு வந்து வாக்குவாதமாகின்றன. ஒரு கட்டத்தில் ‘இருக்கலாம்’ என்று எழுதிய வாக்கியம் ‘இருக்கிறது’ என்று மாறுகிறது. அந்தச் சின்ன மாற்றத்துக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு, பணம், கருவி, நம்பிக்கை, சண்டை இருக்கின்றன என்பதைப் பின்தொடர்வதுதான் இந்த வகை ஆய்வு. அந்த ஆய்வகத்தின் தலைவர் ரோஜர் கிலெமன் 1977-இல் நோபல் பரிசும் பெற்றார். கவனிக்கப்பட்டது அரைகுறை அறிவியல் அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அப்படியானால் இது அறிவியலுக்கு எதிரானதா?

இந்தக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். அறிவியல் உண்மைகள் ‘கட்டப்படுகின்றன’ என்று இந்தத் துறை சொல்லும். கட்டப்பட்டது என்றால் பொய் என்று பொருள் கிடையாது. பாலமும் கட்டப்பட்டதுதான், அதன் மேல் லாரி போகிறது. ஒரு பாலம் எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்தவருக்குத்தான் எது உறுதியான பாலம், எது உளுத்த பாலம் என்று பிரித்துச் சொல்ல முடியும்.

ஆனால் துறைக்குள் மிகைப்பேச்சும் இருந்தது. 1996-இல் ஆலன் சோகல் என்ற இயற்பியலாளர், வேண்டுமென்றே அர்த்தமில்லாமல் எழுதிய கட்டுரை ஒன்றைப் பண்பாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினார், அதுவும் அச்சாகிவிட்டது. பெரிய ரகளை ஆனது. அது எஸ்.டி.எஸ். இதழ் இல்லை, ஆனாலும் அடி இந்தப் பக்கமும் விழுந்தது. 2004-இல் லத்தூரே வெளிப்படையாகக் கவலைப்பட்டார்: அறிவியலைக் கேள்வி கேட்க நாங்கள் உருவாக்கிய ஆயுதங்களைப் பருவநிலை மாற்றத்தை மறுப்பவர்கள் எடுத்துக்கொண்டார்களே என்று. நியாயமான கவலை. அதனால்தான் நல்ல பாடத்திட்டங்களில் சந்தேகம் உற்பத்தியாகும் விதமும் ஒரு பாடமாகவே வருகிறது. புகைபிடித்தலுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பில் புகையிலை நிறுவனங்கள் பல பத்தாண்டுகள் பணம் செலவழித்துச் சந்தேகத்தை வளர்த்தன. ‘சந்தேகமே நம் சரக்கு’ என்ற பொருள்பட 1969-இல் எழுதிய ஓர் உள்குறிப்பு பின்னாளில் வெளியில் வந்தது. ஆய்வில் நேர்மையாக எழும் ஐயத்தையும் காசு கொடுத்து விதைத்த ஐயத்தையும் பிரித்துப் பார்க்கப் பயிற்சி தேவை.

மூன்று நான்கு ஆண்டுகளில் என்னதான் படிப்பார்கள்?

இடத்துக்கு இடம் மாறும் என்றாலும் அச்சு ஒன்றுதான். முதலில் அறிமுகப் பாடம், அறிவியல் வரலாறு, அறிவியலின் தத்துவம். 1962-இல் தாமஸ் கூன் முன்வைத்த பாரடைம் என்ற கருத்தை இங்கே சந்திப்பீர்கள். பாரடைம் என்பது ஒரு காலத்து விஞ்ஞானிகள் பகிர்ந்துகொள்ளும் அடிப்படை மாதிரி. அதில் பொருந்தாத முடிவுகள் குவிந்து குவிந்து, ஒருநாள் மாதிரியே மாறும் என்றார் அவர். அப்புறம் சமூகவியல், சட்டம், கொள்கை வகுப்பு. பிறகு மாணவர் தானே ஒரு கிளையைத் தேர்ந்தெடுப்பார்: மருத்துவம், சுற்றுச்சூழல், கணினி, செயற்கை நுண்ணறிவு என்று. இறுதியாண்டில் ஆய்வேடு.

இதோடு அசல் அறிவியல் பாடங்களும் உண்டு. இதை நான் அழுத்திச் சொல்வேன். புள்ளியியல் தெரியாமல் 3.6-க்கும் 11.7-க்கும் என்ன பொருள் என்று பேச முடியாது. நிரல் எழுதத் தெரியாமல் முகம் அறியும் மென்பொருளைப் பற்றிப் பேசினால் பேச்சு பத்திரிகைத் தலைப்போடு நின்றுவிடும். 2018-இல் ஜாய் புவலாம்வினி, டிம்னிட் கெப்ரு இருவரும் வணிக மென்பொருள்களைச் சோதித்து, பாலினத்தை அடையாளம் காண்பதில் கருமையான தோல் கொண்ட பெண்களுக்குப் பிழை 34.7 சதவீதம் வரை போவதையும், வெளிர் தோல் ஆண்களுக்கு அது 0.8 சதவீதத்தைத் தாண்டாததையும் காட்டினார்கள். அவர்கள் கணினித் துறைக்காரர்கள். சமூகக் கேள்வியைத் தொழில்நுட்பக் கையால் சோதித்ததால்தான் அந்த எண்களுக்கு மதிப்பு.

வேலை முறை மூன்று வகை. ஆவணக் காப்பகத்தில் பழைய கடிதம், காப்புரிமை, கூட்டக் குறிப்பு படிப்பது. ஆட்களைச் சந்தித்து நேர்காணல் எடுப்பது. ஓர் இடத்தில் தங்கிக் கவனிப்பது. வாசிப்பு மிக அதிகம், எழுத்து அதைவிட அதிகம். ஒரே சரியான விடையை எதிர்பார்த்து வருபவர்கள் முதலாண்டில் திணறுவார்கள். அறிவியலில் இருந்து தப்பிக்க வருபவர்களும் அப்படியே.

வேலையைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். இந்தப் பட்டம் மருத்துவரையோ பொறியாளரையோ போல உரிமம் தராது. நேர்காணலில் ‘இது என்ன படிப்பு?’ என்று பலமுறை விளக்க வேண்டியிருக்கும். கொள்கை ஆய்வு, அறிவியல் இதழியல், பொதுச் சுகாதாரம், ஒழுங்குமுறை அமைப்புகள், தொழில்நுட்ப நிறுவனங்களின் பயனர் ஆய்வுப் பிரிவுகள், மேற்கொண்டு சட்டப்படிப்பு என்று போகிறார்கள். ஒரு தொழில்நுட்பத் துறையில் ஆழமாக இறங்கியவர்களுக்குக் கதவு சுலபமாகத் திறக்கும். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டவர்களுக்குக் கஷ்டம். அதனால் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பாடப்பட்டியலை வாங்கிப் பாருங்கள். புள்ளியியலும் குறைந்தது ஓர் ஆய்வகப் பாடமும் கட்டாயமா? ஆய்வு முறைகளுக்குத் தனிப் பாடம் இருக்கிறதா? இறுதி ஆய்வேட்டுக்கு ஒரு வழிகாட்டி உங்களோடு உட்காருவாரா?

அந்த ஆய்வேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாரும் ‘தொழில்நுட்பமும் சமத்துவமின்மையும்’ போன்ற தலைப்போடுதான் வருவார்கள். அதை அறுத்து அறுத்துச் சிறிதாக்குவதிலேயே ஒரு பருவம் போகும். மருத்துவக் கருவிகளும் சமத்துவமின்மையும் என்று வரும். பிறகு ஆக்சிமீட்டர் என்று வரும். கடைசியில் கையாளக்கூடிய ஒரு கேள்வி கிடைக்கும். 2013 வழிகாட்டியில் உள்ள அந்த ‘10 பேர்’, ‘2 பேர்’ என்ற எண்கள் எங்கிருந்து வந்தன? வழிகாட்டியின் முந்தைய வரைவில் என்ன இருந்தது, அதற்கு யார் என்ன கருத்து அனுப்பினார்கள், அந்தக் காலத்தில் கருவியைச் சோதித்த ஆய்வகங்களில் தன்னார்வலர்களை எப்படிச் சேர்த்தார்கள் என்று தேடத் தொடங்கலாம்.